வாளின் வலிமை எங்கே இருக்கிறது?

பள்ளி ஆண்டு விழாவில் கட்டபொம்மன் நாடகம் நடிப்பதென்று முடிவாகிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் வெட்டி வெள்ளித்தாள் ஒட்டிய வாள் உங்களுக்குப் பிடிக்கவில்லை. "அட்டைக்கத்தி வீரன்" என்று நண்பர்கள் கேலி செய்வார்களே! உண்மை வாளைப் போலவே பளபளக்கும் மாதிரி வாள்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. ஒன்று வாங்கிவிடலாமா? சிலம்பம் பழகும் மாணவர்களுக்கும் இதே ஆசை எழுவதுண்டு.

வாங்குவதற்கு முன் ஒரு செய்தியைத் தெரிந்துகொள்ளுங்கள். வாள்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று சுவரில் மாட்டி அழகு பார்க்கச் செய்தது. மற்றது கையில் பிடித்து வீசச் செய்தது. படத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். நம் நாட்டில் டேராடூனிலும் இராஜஸ்தானத்துச் சிரோகியிலும் வாள் செய்கிறார்கள். எந்த ஊரில் செய்ததானாலும், இது எந்த வகை என்பதை வாங்குகிறவர்தான் கண்டறிய வேண்டும். சுவர் வாளைச் சுவரில் மாட்டினால் ஒரு தீங்கும் இல்லை. அதை மேடையில் வீசும்போதுதான் ஆபத்து. கைப்பிடி கையிலேயே இருக்க, அலகு மட்டும் கழன்று முன்வரிசையை நோக்கிப் பறக்கும். அங்கே சிறு பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள்.

முதலில் எடையைப் பாருங்கள். 80 செ.மீ. நீளம், சராசரியாக 3 செ.மீ. அகலம், 3 மி.மீ. தடிமன் உள்ள ஓர் அலகின் பருமன் எவ்வளவு? 80 × 3 × 0.3 = 72 கன செ.மீ. எஃகின் அடர்த்தி கன செ.மீ.க்கு 7.85 கிராம். ஆகவே எஃகு அலகு சுமார் 565 கிராம் இருக்கும். அலுமினியமானால் (அடர்த்தி 2.7) 195 கிராம்கூட வராது. கைப்பிடியும் சேர்ந்தால் ஒரு கையால் வீசும் எஃகு வாள் ஏறத்தாழ ஒரு கிலோ எடை இருக்கும். திரைப்படத்தில் கதாநாயகன் திணறித் தூக்குகிற பத்துக் கிலோ வாளைப் போரில் யாரும் ஏந்தியதில்லை. அதைச் சுழற்றுவதற்குள் எதிரி வந்து விடுவானே!

அடுத்து எல்லோரும் நம்புவது காந்தத்தை. காந்தம் ஒட்டவில்லை என்றால் அது அலுமினியமாகவோ துத்தநாகக் கலவையாகவோ, பாத்திரம் செய்யும் துருப்பிடிக்காத எஃகாகவோ இருக்கலாம். அதை வீசுவதற்கு வாங்க வேண்டாம். ஆனால் காந்தம் ஒட்டிவிட்டதாலேயே நல்ல வாள் என்று மகிழ்ந்துவிடாதீர்கள். காலி பிஸ்கட் டின்னிலும் காந்தம் ஒட்டத்தான் செய்யும்.

இனி வளைத்துப் பார்க்கும் சோதனைக்கு வருவோம். இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். "வளைக்கக் கடினமாக இருந்தால் நல்ல எஃகு, எளிதில் வளைந்தால் மட்டம்" என்று கடைக்காரர்கள்கூடச் சொல்வார்கள். இது தவறு. சாதாரணக் கம்பி எஃகானாலும், உயர்தர வில் எஃகானாலும், கொல்லர் துவைச்சல் போட்டதானாலும் போடாததானாலும், யங் குணகம் ஏறத்தாழ ஒன்றே. சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 2,00,000 நியூட்டன். ஆகவே ஒரே அளவுள்ள இரண்டு அலகுகளைச் சிறிதளவு வளைக்க ஒரே விசைதான் வேண்டும். உங்கள் கை வித்தியாசத்தை உணராது.

வித்தியாசம் எப்போது தெரியும்? விசையை விட்ட பிறகு. மென்மையான எஃகின் மீட்சி எல்லை சதுர மி.மீ.க்குச் சுமார் 250 நியூட்டன். நன்றாகத் துவைச்சல் பெற்ற வில் எஃகுக்கு அது 1,100-ஐத் தாண்டும். இவற்றை யங் குணகத்தால் வகுத்தால், முன்னது 0.125 சதவீதத் திரிபு வரையிலும், பின்னது 0.55 சதவீதம் வரையிலும் பழைய நிலைக்குத் திரும்பும் என்று கிடைக்கிறது. ஒரு தகட்டை வட்டமாக வளைக்கும்போது அதன் மேற்பரப்பில் ஏற்படும் திரிபு, தடிமனை வளைவு ஆரத்தின் இரு மடங்கால் வகுத்தால் வரும். 3 மி.மீ. அலகுக்குக் கணக்கிடுங்கள். மென் எஃகை 1.2 மீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைத்தால் அது வளைந்தே நின்றுவிடும். வில் எஃகையோ 27 செ.மீ. ஆரம் வரை வளைக்கலாம், விட்டவுடன் நிமிர்ந்துவிடும்.

நாம் அலகை வட்டமாக வளைப்பதில்லை. பிடியைப் பிடித்துக்கொண்டு நுனியை மரப்பலகையில் ஊன்றி அழுத்துகிறோம். அப்போது நாம் எடுத்துக்கொண்ட மென் எஃகு அலகின் நுனி சுமார் 18 செ.மீ. விலகும் வரைதான் தாங்கும். ஆகவே ஒரு சாண் அளவு வளைத்து விட்டால் போதும். பிறகு ஒரு கண்ணை மூடி, அலகின் விளிம்பு வழியாகக் கோடு பார்ப்பதுபோல் பாருங்கள். சிறு கோணல் நின்றிருந்தாலும் அது மென் எஃகு. (உண்மை வாள் நுனியை நோக்கி மெலிவதால் கணக்கு சற்று மாறும், முறை மாறாது.) ஆனால் இந்தச் சோதனையை நீங்கள் செய்ய வேண்டாம். விற்பவரையே செய்து காட்டச் சொல்லி விலகி நில்லுங்கள். சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்ததோடு விட்டு, மறுபடி இளஞ்சூடு காட்டித் தணிக்காத எஃகு கண்ணாடியைப் போல நொறுங்கும். விற்பவர் வளைத்துக் காட்ட மறுத்தால், அந்த மறுப்பே உங்களுக்கு விடை.

கடினத் தன்மையும் உறுதியும் ஒன்றல்ல என்பதை இங்கே மனத்தில் கொள்ளுங்கள். ஆணியால் கீறினாலும் கண்ணாடியில் கோடு விழாது. தரையில் போட்டால் உடைந்துவிடும். வாளுக்கு இரண்டும் அளவோடு வேண்டும். அந்த அளவைக் கொண்டுவருவதுதான் துவைச்சல். அரத்தை வைத்து ஒரு மறைவான இடத்தில் இழுத்துப் பார்த்தால் மென்மையான அலகைக் கண்டுபிடித்துவிடலாம். அரம் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கும்.

இவ்வளவும் அலகைப் பற்றியது. ஆனால் விலை மலிந்த வாள் பெரும்பாலும் அலகில் ஒடிவதில்லை. கைப்பிடிக்குள், கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் ஒடிகிறது.

அலகின் அடிப்பாகம் ஒடுங்கி, வால்போலப் பிடிக்குள் நுழைகிறது. நல்ல வாளில் அலகும் வாலும் ஒரே இரும்பு. மட்டமான வாளிலோ, அலகைப் பிடிக்கு வெளியிலேயே முடித்துவிட்டு, ஒரு மெல்லிய திருகாணிக் கம்பியைப் பற்றவைத்து, மறுமுனையில் மரை போட்டு முறுக்கியிருப்பார்கள். இதனால் என்ன ஆகிவிடும்? கணக்கைப் பாருங்கள். பிடியிலிருந்து 60 செ.மீ. தள்ளி, அலகின் மேல் 50 நியூட்டன் விசையுள்ள ஓர் அடி விழுகிறது. மேடைச் சண்டைக்கு இது அதிகமில்லை. பிடியின் வாயில் திருப்புத்திறன் 50 × 600 = 30,000 நியூட்டன்-மி.மீ. 25 மி.மீ. அகலமும் 4 மி.மீ. தடிமனும் உள்ள பட்டை வாலில் இது உண்டாக்கும் தகைவு சதுர மி.மீ.க்கு 72 நியூட்டன்தான். மென் எஃகுகூடத் தாங்கிவிடும். அதே இடத்தில் 6 மி.மீ. கம்பி இருந்தால்? தகைவு 1,400 நியூட்டனைத் தாண்டுகிறது! வில் எஃகுக்கே இது அதிகம். சாதாரணத் திருகாணி எங்கே தாங்கும்? போதாக்குறைக்குப் பற்றவைப்பின் சூடு அந்த இடத்தின் துவைச்சலையும் கெடுத்திருக்கும்.

ஒடிந்த அலகு நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் கிளம்பினால், அது இரண்டரை மீட்டர் உயரத்திலிருந்து கூரிய அரைக் கிலோ இரும்பு விழுவதற்குச் சமம்.

நம் பக்கத்து அரிவாளை எடுத்துப் பாருங்கள். கமுதி, முதுகுளத்தூர் வட்டாரத்தில் கரிமூட்டம் போடுவதற்காகச் சீமைக்கருவேலை நாள் முழுவதும் வெட்டுகிறார்கள். அந்த வேலையில் ஓர் அரிவாள் வாங்கும் அடிகளுக்கு நாடக வாள் வாங்கும் அடிகள் எந்த மூலைக்கு! அரிவாளின் வால் அலகோடு ஒன்றாக அடிக்கப்பட்டது; மரப்பிடிக்குள் இறுகி, வாயில் இரும்புப் பூண் ஏறியிருக்கும். திருப்பாச்சேத்தி அரிவாளின் பெயரை நீங்கள் கேட்டிருப்பீர்கள். கொல்லர் பலர் பழைய லாரியின் வில்பட்டையை வாங்கி அரிவாள் அடிப்பது அதன் மலிவுக்காக மட்டுமல்ல. அது அரைச் சதவீதத்துக்குச் சற்று மேல் கரி கலந்த எஃகு. நான் மேலே சொன்ன வில் எஃகு அதுதான்.

சரி, பிடிக்குள் இருப்பதை எப்படிப் பார்ப்பது? பிடியின் கடைசியிலுள்ள குமிழைக் கழற்றிக் காட்டச் சொல்லலாம். முடியாதென்றால் தட்டிப் பாருங்கள். சந்தையில் பானை வாங்கும் பாட்டி விரல் மடக்கித் தட்டிக் கேட்கிறாளே, அதே சோதனைதான். பிடியைத் தளர்வாகப் பிடித்து, அலகின் தட்டையான பக்கத்தை மறு கையால் தட்டுங்கள். நல்ல அலகு தெளிவாக அதிர்ந்து மெல்ல ஓயும். விரிசல் இருந்தால் அதிர்வின் ஆற்றல் உராய்வில் வீணாகி, ஒலி சட்டென்று மடியும். பிடிக்குள் தளர்ச்சி இருந்தால் கறகறவென்ற இரைச்சல் கேட்கும். பிடியில் காதை வைத்து மெதுவாகக் குலுக்கினாலும் இது தெரியும். அலகு முழுதும் நன்றாக இருந்தும் பிடியில் இரைச்சல் கேட்டால் அந்த வாளைச் சுவருக்கு அனுப்பிவிடுங்கள்.

அலகில் நீரலை போன்ற வரிகளைக் காட்டி, "இது டமாஸ்கஸ் எஃகு" என்று கூடுதல் விலை கேட்பவர்களும் உண்டு. அந்தப் புகழ்பெற்ற எஃகுக் கட்டிகள் தென்னிந்தியாவிலிருந்தும் சென்றவைதாம். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகள் வெளிப்பட்டன. கொல்லரின் மகனான மைக்கேல் பாரடே, ஸ்டோடார்ட் என்ற கத்திக் கைவினைஞருடன் சேர்ந்து 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த இந்திய எஃகை ஆராய்ந்தார். 2006-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஆய்வாளர்கள், பழைய டமாஸ்கஸ் வாள் ஒன்றின் துண்டில் கரியின் நுண்குழாய்கள் இருப்பதாக அறிவித்தார்கள். ஆனால் மலிவு வாளில் காணும் வரி பெரும்பாலும் அமிலத்தால் மேலே அரித்த கோலம். உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து மறுபடி அமிலம் தடவினால், உள்ளே வரியுள்ள எஃகில் அது மீண்டும் தோன்றும், கோலம் தோன்றாது.

விற்பவர் "தீட்டித் தரட்டுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தீட்டிய வாள் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் வரம்புக்குள் வருகிறது. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் ஆன கருவிகளுக்கு உள்ள விலக்கு அதற்கு இல்லை. என்னைக் கேட்டால், இரண்டு மாணவர்கள் மோதும் காட்சிக்கு நல்ல மரத்தில் செய்த வாளே ஏற்றது. எஃகு வாள் அரசரின் இடுப்பில் உறையோடு தொங்கட்டும்.

சிலம்ப மாணவர்களுக்காகச் சுருள்வாளைப் பற்றியும் ஒரு சொல். அதை இடுப்பில் கச்சையாகச் சுற்றிக்கொள்ள முடிகிறதே, எப்படி? தகட்டின் தடிமன் அரை மி.மீ., இடுப்பின் ஆரம் 12 செ.மீ. என்று கொள்வோம். திரிபு 0.5-ஐ 240-ஆல் வகுக்க, 0.21 சதவீதம். மென் எஃகின் எல்லையான 0.125-ஐ இது தாண்டிவிட்டது. வில் எஃகின் 0.55-க்கு உள்ளேயே நிற்கிறது. கட்டிடக் கடையில் விற்கும் மென் தகட்டை வெட்டிச் சுருள்வாள் செய்தால், அவிழ்த்த பிறகும் அது இடுப்பின் வளைவை மறக்காது. ஒன்றரை மி.மீ. தடிமனுள்ள வில் எஃகுத் தகட்டை இடுப்பில் சுற்றினால் என்ன ஆகும்? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.