புகழ்பெற்ற பள்ளி கல்லூரிக் கதவைத் திறக்கிறதா?

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி என்பது ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான நான்காண்டுப் படிப்பாகும். அப்பள்ளியைத் தேர்ந்தெடுப்பதில் அங்குள்ள பெற்றோரிடையே ஒன்றுக்கொன்று முரணான இரு நம்பிக்கைகள் நிலவுகின்றன. போட்டி மிகுந்த, பெயர்பெற்ற பள்ளியில் இடம் கிடைத்துவிட்டால் சிறந்த பல்கலைக்கழகத்தில் பாதி இடம் கிடைத்ததற்குச் சமம் என்பது ஒன்று. அத்தகைய பள்ளியில் மாணவர் கூட்டத்தோடு கூட்டமாகக் கரைந்துபோவார், எளிய பள்ளியில் முதலிடம் பிடிப்பதே நல்லது என்பது மற்றொன்று.

முதல் நம்பிக்கைக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது பெரும்பாலும் சேர்க்கைப் பட்டியலே. நியூயார்க்கின் ஸ்டைவெசன்ட் பள்ளியிலிருந்து ஆண்டுதோறும் பல மாணவர்கள் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களுக்குச் செல்கின்றனர் என்பது உண்மையே. ஆயினும், ஒரே ஒரு நுழைவுத்தேர்வின் மதிப்பெண்ணை மட்டும் கொண்டு நகரின் மிகத் திறமையான மாணவர்களை முன்கூட்டியே பொறுக்கி எடுத்துக்கொள்ளும் பள்ளியில், பின்னர் கிடைக்கும் வெற்றி பள்ளி தந்ததா, மாணவர் கொண்டுவந்ததா என்பதை அந்தப் பட்டியல் சொல்லாது. இதைப் பிரித்தறிய, பராக் பதக், அதிலா அப்துல்காதிரோலு, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா ஆங்ரிஸ்ட் ஆகிய பொருளியலாளர்கள் 2014இல் வெளியான ஆய்வொன்றில், பாஸ்டன், நியூயார்க் நகரங்களின் தேர்வுவழிப் பள்ளிகளில் தகுதி எல்லையை மயிரிழையில் தாண்டி இடம்பெற்றவர்களையும், மயிரிழையில் தவறவிட்டு வேறு பள்ளிக்குச் சென்றவர்களையும் ஒப்பிட்டனர். எல்லைக்கோட்டின் இருபுறமும் நிற்கும் இவர்களிடையே திறமையில் பெரிய வேறுபாடு இருக்க வாய்ப்பில்லை என்பதே இம்முறையின் அடிப்படை. அவ்வாறு ஒப்பிட்டபோது, பிற்காலத் தேர்வு மதிப்பெண்களிலும் சேர்ந்த கல்லூரியின் தரத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு ஏறக்குறைய இல்லை என்றே தெரியவந்தது. நியூயார்க் பள்ளிகளைப் பற்றி அதே ஆண்டு வெளியான வேறோர் ஆய்வும் இதே முடிவை எட்டியது. எல்லைக்கோட்டிலிருந்து வெகு உயரத்தில் நிற்கும் மாணவர்களைப் பற்றி இம்முறை எதுவும் கூறுவதில்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பள்ளியின் பெயரே இல்லாமல், பொதுத்தேர்வு மதிப்பெண்ணிலிருந்து கணக்கிடப்படும் கட்-ஆஃப் வழியே நடக்கும் பொறியியல் கலந்தாய்வை அறிந்த தமிழ்நாட்டு வாசகருக்கு இம்முடிவு வியப்பளிக்காது. அமெரிக்காவிலோ நாடு முழுமைக்கும் பொதுவான பள்ளியிறுதித் தேர்வு கிடையாது. அந்தந்தப் பள்ளி ஆசிரியர்கள் இட்ட மதிப்பெண்களின் நான்காண்டுச் சராசரியே மாணவரின் முதன்மைச் சான்று. ஆகவே, எந்தெந்த உயர்நிலைப் பாடங்கள் கற்பிக்கப்படுகின்றன, மதிப்பெண்கள் எவ்வாறு பரவியுள்ளன என்பவற்றைக் கூறும் ‘பள்ளிக் குறிப்பு’ ஒன்றைப் பள்ளி விண்ணப்பத்துடன் அனுப்புகிறது. சேர்க்கை அலுவலர் மாணவரை அந்தப் பின்னணியில் வைத்தே மதிப்பிடுகிறார். கடினமான பள்ளியின் குறைந்த மதிப்பெண் தானாகவே பாதகமாகிவிடும் என்னும் அச்சம் இதனால் ஓரளவு தளர்கிறது.

ஓரளவுதான். வகுப்புத் தரவரிசையை விதியாகவே எழுதிவைத்த மாநிலத்தில் இரண்டாவது நம்பிக்கையே மெய்யாகிவிடுகிறது. இன அடிப்படையிலான சேர்க்கையை மேல்முறையீட்டு நீதிமன்றம் 1996இல் தடுத்ததையடுத்து, டெக்சாஸ் மாநிலம் 1997இல் இயற்றிய சட்டம், ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியிலும் முதல் 10 விழுக்காட்டிற்குள் வரும் மாணவர்களுக்கு மாநிலப் பொதுப் பல்கலைக்கழகங்களில் இடத்தை உறுதிசெய்தது. ஆஸ்டின் வளாகத்தில் இவ்வாறு சேர்வோர் பெருகியதால் அவர்களுக்கு உச்சவரம்பு அனுமதிக்கப்பட்டு, அங்கு மட்டும் எல்லை படிப்படியாகச் சுருங்கி 6 விழுக்காட்டிற்கு வந்தது. 2026ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கு அது 5 விழுக்காடு. போட்டி மிகுந்த புறநகர்ப் பள்ளியில் பதினைந்தாவது விழுக்காட்டில் நிற்கும் மாணவர், போட்டி குறைந்த பள்ளியில் எளிதாக எல்லைக்குள் வந்திருக்கக்கூடும். இதைக் கணக்கிட்டுச் சில குடும்பங்கள் போட்டி குறைந்த பள்ளிகளைத் தேர்ந்தெடுத்ததை 2013இல் வெளியான ஆய்வொன்று பதிவுசெய்துள்ளது. இங்கே பெற்றோரைக் குறைகூற எதுவுமில்லை. விதி எப்படியோ கணக்கும் அப்படி.

சிகாகோவின் அனுபவம் இதைவிடச் சங்கடமானது. அந்நகரின் தேர்வுவழிப் பள்ளிகள் 30 விழுக்காட்டு இடங்களை மதிப்பெண் வரிசையில் நிரப்பிவிட்டு, எஞ்சியவற்றை, பொருளாதார நிலைப்படி நான்காகப் பிரிக்கப்பட்ட குடியிருப்புப் பகுதிகளுக்குச் சமமாகப் பங்கிட்டன. ஏழைப் பகுதி மாணவர்க்கு வாய்ப்புத் தருவதே நோக்கம். ஆனால் 2020இல் வெளியான ஓர் ஆய்வின்படி, அவ்வாறு எல்லையை ஒட்டி இடம்பெற்ற ஏழைப் பகுதி மாணவர்களின் மதிப்பெண் சராசரியும் வகுப்புத் தரவரிசையும் தாழ்ந்தன. கடுமையான தெரிவுமுறை கொண்ட கல்லூரிகளில் அவர்கள் சேரும் வாய்ப்பும் குறைந்தது. சமூகவியலார் 1960களிலிருந்தே ‘தவளைக்குளம்’ என்னும் பெயரால் பேசிவரும் விளைவு இதுவே: பெரிய தவளைகள் நிறைந்த குளத்தில் நடுத்தரத் தவளை சிறிதாகத் தெரிகிறது. அம்மாணவர்கள் பள்ளிச் சூழலைப் பற்றி நல்லவிதமாகவே கருத்துரைத்தனர் என்பதும் மறக்கத்தக்கதன்று. கல்லூரிச் சேர்க்கை ஒன்றே பள்ளியின் பயன் அல்லவே.

இவற்றிலெல்லாம் பேசப்பட்டவை அரசுப் பள்ளிகள். கட்டணம் மிகுந்த தனியார் பள்ளிகளின் கணக்கு வேறு. ஹார்வர்டு, யேல் போன்ற மிக உயர்ந்த தனியார் பல்கலைக்கழகங்களைப் பற்றி ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மேன் ஆகியோர் 2023இல் வெளியிட்ட ஆய்வு, கல்லூரி நுழைவுத்தேர்வில் ஒரே மதிப்பெண் பெற்றவர்களிடையே, வருமானத்தில் உச்சியிலுள்ள 1 விழுக்காட்டுக் குடும்பத்துப் பிள்ளைகள் நடுத்தர வருவாய்ப் பிள்ளைகளைவிட இருமடங்குக்கும் மேலாக அங்கே சேர்வதைக் காட்டியது. முன்னாள் மாணவரின் பிள்ளைகளுக்குத் தரப்படும் சலுகையும் விளையாட்டுச் சேர்க்கையும் அதற்குரிய காரணங்களில் அடங்கும்; பாடத்திற்கு அப்பாற்பட்ட ஆளுமை, தலைமைப்பண்பு போன்றவற்றுக்கு அலுவலர்கள் இடும் மதிப்பீடு மற்றொரு காரணம். அம்மதிப்பீடு தனியார் பள்ளி மாணவர்களுக்கு உயர்வாக அமைந்தது. இதில் ஆலோசகரின் பரிந்துரைக் கடிதத்துக்கும் பங்குண்டு. 250 மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டு ஆலோசகர் என்பதே அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை. பல அரசுப் பள்ளிகளில் ஓர் ஆலோசகர் அதைவிட மிகப் பலரைக் கவனிக்க வேண்டியிருக்க, சில டசன் மாணவர்களை மட்டும் கவனிக்கும் தனியார் பள்ளி ஆலோசகரால் ஒவ்வொருவரைப் பற்றியும் நீண்ட, நுணுக்கமான பரிந்துரைக் கடிதம் எழுத முடிகிறது.