சொற்கள் உதிரும் நோய்

நாச்சியாபுரம்

அன்புள்ள பேத்திக்கு,

அப்பத்தாளுக்கு வந்திருப்பது வெறும் வயோதிக மறதிதானா என்று கேட்டு எழுதியிருக்கிறாய். உயிரியல் படிக்கிற உனக்கு, ஆறுதல் சொல்லி மழுப்புவதைவிட விஷயத்தை உள்ளபடி எழுதுவதே நியாயம் என்பது என் அபிப்பிராயம்.

மறதிநோய் என்றதும், காலையில் உண்டதை மாலையில் மறப்பதும், வீட்டுக்கு வரும் வழி தெரியாமல் திகைப்பதுமே நம் நினைவுக்கு வரும். அப்பத்தாளுக்கோ போன வெள்ளிக்கிழமை யார் யார் வந்து போனார்கள் என்பது ஒன்று விடாமல் ஞாபகம் இருக்கிறது. பேச்சும் தங்குதடையின்றி வருகிறது. ஆனால் அப்பேச்சினிடையே பொருள்களின் பெயரெல்லாம் ‘அது’, ‘இது’, ‘அந்தச் சாமான்’ என்று ஆகிவிட்டன. சென்ற வாரம் வளவில் உட்கார்ந்து, சாயவோலையையும் வெள்ளோலையையும் மாற்றி மாற்றிக் கோத்து அவள் கூடை முடைந்துகொண்டிருக்கையில், “கொட்டான் நன்றாக வந்திருக்கிறதே” என்றேன். கை ஓயவில்லை, நிமிர்ந்து பார்த்து, “கொட்டானா? அப்படின்னா என்ன?” என்று கேட்டாள்.

கைப்பழக்கத்துக்கு மூளையில் ஓரிடம், சொற்பொருளுக்கு வேறோரிடம். இந்நோயில், சொற்பொருளுக்குரிய, இடப்பக்கப் பொட்டுக்கு உள்ளே அமைந்த பகுதியின் நரம்பணுக்களில், பெரும்பாலும் டிடிபி-43 என்னும் புரதம், தான் இருக்கவேண்டிய உட்கருவை விட்டு வெளியேறித் திரண்டு படிய, அவ்வணுக்கள் ஒவ்வொன்றாய் மடிகின்றன. மடிந்தவற்றின் இடத்தில் புதியவை முளைப்பதில்லை. ஆகவேதான் மைனா முதலில் குருவியாகிறது, பிறகு வெறும் பறவையாகிறது, கடைசியில் ‘அது’ ஆகிறது. இதே அழிவு இடப்பக்க நெற்றிப் பகுதியில் நேர்ந்தால், பொருள் விளங்கியும் வாக்கியம் கோக்க முடியாமல் பேச்சு திக்கித் திணறும்.

பிராகா நகரத்து வைத்தியர் அர்னால்டு பிக், இத்தகைய நோயாளி ஒருவரைப் பற்றி 1892-லேயே எழுதிவைத்தார். அமெரிக்காவில் மார்செல் மெசுலம், மற்ற அறிவு கெடாமல் மொழி மட்டும் தேய்ந்துவந்த ஆறு பேரை 1982-இல் விவரித்த பின்னரே, இது தனி வியாதியாக வைத்திய உலகின் கவனத்தைப் பெற்றது.

நம் தேசத்திலும் அரிய ஆராய்ச்சி நடந்திருக்கிறது. ஹைதராபாத் நிஜாம் மருத்துவ நிலையத்தில் டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 மறதிநோயாளரை ஆராய்ந்து, ஒரே மொழி பேசுவோரைவிடப் பல மொழி பேசுவோருக்கு நோய் சுமார் நாலரை ஆண்டு பிந்தி வருவதை 2013-இல் வெளியிட்டனர். எழுத்தறியாதவரிடமும் இப்பயன் காணப்பட்டது என்பதைப் படித்தபோது, வணிகத்துக்காகப் பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போய்ப் பர்மிய மொழியும் பேசப் பழகிய நம் முன்னோர்களை நினைத்துக்கொண்டேன். ஆயினும் மொழியையே தாக்கும் இவ்வகைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்று அதே குழுவினர் பின்னர் கண்டனர். மனம் வருந்தினாலும், உண்மையை உன்னிடம் மறைப்பதற்கில்லை.

அணுக்களின் அழிவைத் தடுக்கும் மருந்து இன்னும் வரவில்லை. பேச்சுப் பயிற்சியாளரின் உதவியால், இருக்கும் சொற்களைச் சிலகாலம் காப்பாற்றலாம். லீவில் வரும்போது, “இது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்” என்று அப்பத்தாளுக்குப் பரீட்சை வைக்காதே. தெரியவில்லையே என்று அவள் கூசிப்போகிறாள். நீயே பெயரைச் சொல்லி, பொருளைக் கையில் கொடு. அவள் அன்றாடம் புழங்கும் சாமான்களையும், நம் வீட்டு மனிதர்களையும் படம் பிடித்து, ஒரு தடித்த நோட்டில் பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டி, கீழே பெரிய எழுத்தில் பெயர் எழுத வேண்டும். படங்களை நீ எடு. பெயர்களை நான் எழுதுகிறேன்.

உன் அன்புள்ள,
ஐயா