நான்கறிவுயிர் கற்பித்த பாடம்

உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் வகுத்தறிவது நம் ஆகமங்கள் காட்டும் தொன்மையான முறையாகும். உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் 2ஆம் அத்தியாயத்தில் புழு, எறும்பு, வண்டு, மனிதன் என்னும் நான்கையும் காட்டி, ஒன்றைவிட மற்றொன்றுக்கு ஒரு புலன் மிகும் என உணர்த்துகின்றார். புழுவுக்கு மெய்யும் நாவும் உண்டு. எறும்புக்கு மூக்கும், வண்டுக்குக் கண்ணும், மனிதனுக்குச் செவியும் கூடுகின்றன. தொல்காப்பிய மரபியலும் தும்பியை நான்கறிவுயிராகவே கொள்கிறது. வண்ணத்துப்பூச்சியும் இவ்வகையினதே. இதனைப் பல்லாண்டு கற்பித்த நாம், அவ்வுயிரை அண்மையில் கண்டறிந்தது எழுபது வயதைக் கடந்த பின்னரே.

ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளிக்கு ஒரு காலைப்பொழுதில் பேத்தியுடன் சென்றிருந்தோம். கர்நாடகத்தின் நந்தி மலைப்பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை, தமிழகத்துள் புகுந்ததும் இங்குள்ள அணையில் தேங்குகிறது. அணையிலிருந்து வெளியேறும் நீர் நுரைத்துப் பொங்குவதும், ஆலைக் கழிவும் நகரக் கழிவும் ஆற்றில் கலப்பதும் பல ஆண்டுகளாகச் செய்திகளில் வருவனவே. அந்நுரையைக் கண்டு மனம் நொந்து, ஆமணக்குச் செடிகள் மண்டிய கரையோரத்தில் அமர்ந்திருந்தோம். வெயிலில் கை வியர்த்திருந்தது. பழுப்பு நிறத்தில் அலையலையான கருங்கோடுகள் கொண்ட வண்ணத்துப்பூச்சி ஒன்று பறந்து வந்து நம் சுட்டுவிரலில் அமர்ந்தது.

“பாட்டி, அசையாதீர்கள்!” என்றாள் பேத்தி.

கடிகார வில்போல் சுருண்டிருந்த உறிஞ்சுகுழலை நீட்டி, அது நம் வியர்வையைப் பருகத் தொடங்கியது. மலர்த்தேனில் போதிய உப்பு இல்லாமையால், ஈரமண்ணிலும் வியர்வையிலும் இவ்வுயிர்கள் உப்பை நாடுகின்றன. அப்போது பேத்தி, “இதற்கு நான்கு கால்கள்தாமே இருக்கின்றன?” என்று கேட்டாள். திடுக்கிட்டோம். பூச்சிக்குக் கால்கள் ஆறு எனக் கரும்பலகையில் ஆண்டுதோறும் எழுதியவர்கள் நாம். உற்று நோக்கியபோதுதான் உண்மை விளங்கியது. இக்குடும்பத்துப் பூச்சிகளில் முன்னங்கால் இரண்டும் சிறுத்து மார்போடு ஒட்டி மடங்கியிருக்கும். பெண்பூச்சி இச்சிறு கால்களால் இலையைத் தட்டிச் சுவையறிந்து, தன் குஞ்சுகளுக்குரிய செடிதானா என்று தெரிந்த பின்னரே முட்டையிடும். நாவின் தொழிலைக் கால் செய்கிறது!

மகிழ்ச்சியோடு ஒரு வேதனையும் எழுந்தது. ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்றபடியே, மாணவர்களைக் கொண்டு வண்ணத்துப்பூச்சிகளைப் பிடித்து, ஊசி குத்திச் சேகரிப்பேடு செய்வித்திருக்கிறோம். நல்ல ஏட்டுக்கு முழு மதிப்பெண்ணும் அளித்தோம். மாலையில் அகிம்சை பற்றிப் பாடம் நடத்திய அதே கைதான் பகலில் அம்மதிப்பெண்ணை இட்டது. உயிரைக் கொன்று கற்பித்த அறிவில், மடங்கியிருந்த அவ்விரு கால்கள்கூட நம் கண்ணில் படவில்லை. அன்றிரவு பிரதிக்கிரமணத்தில் அப்பிழையைப் பெயர் சொல்லி நினைந்து வருந்தினோம்.

பேத்தி மற்றொன்றும் கேட்டாள்: “புழுவுக்கு இரண்டறிவு, பூச்சிக்கு நான்கறிவு என்றால், கம்பளிப்புழு செத்துத்தான் வண்ணத்துப்பூச்சியாகப் பிறக்கிறதா?” இக்கேள்விக்கு இரண்டு விடைகள் தேவை. முதலாவது, சூத்திரம் குறிக்கும் புழு வேறு, கம்பளிப்புழு வேறு. பின்னதன் தலையில் பக்கத்துக்கு ஆறாகச் சிறு கண்கள் உள்ளன. ஆகவே, அதனை ஈரறிவுயிரோடு சேர்த்தெண்ணுதல் பொருந்தாது. இரண்டாவது, அங்கே மரணமும் இல்லை, மறுபிறப்பும் இல்லை. முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி என்பன ஒரே பிறவியில் ஒரே ஜீவன் கொள்ளும் பரியாயங்கள். பழைய நிலை கெடுகிறது, புதிய நிலை தோன்றுகிறது, ஜீவனோ நிலைத்திருக்கிறது. தோற்றம், கேடு, நிலைபேறு என்னும் மூன்றையும் இதனினும் எளிதாகப் பிள்ளைகளுக்கு விளக்க இயலுமா?

ஓய்வு பெற்றபின் நாம் சித்திரம் எழுதுவதையும் பிள்ளைகளுக்கான பாடல் புனைவதையும் கைவிட்டிருந்தோம். சொல்ல வேண்டியவற்றையெல்லாம் சொல்லி முடித்துவிட்டதாக எண்ணம். அன்றிரவு பேத்தியின் வண்ணப் பென்சிலை எடுத்து அப்பூச்சியை வரைந்தோம். கை நடுங்கிற்று, கோடு கோணிற்று. ஆயினும் கால்கள் நான்கையும் பிழையின்றி வரைந்து, மடங்கிய இரண்டையும் மார்பருகே காட்டினோம். மறுநாள் பாடசாலைக்கென ஒரு சிறு நாடகமும் எழுதத் தொடங்கினோம். வற்றியது கற்பனை அன்று, கவனமே என்பது அப்போது புலனாயிற்று. அசையாமல் ஓர் உயிரைக் காத்து நிற்பது அகிம்சை. அந்நிலையில்தான் கண்ணும் தெளிகிறது, கையும் எழுதுகிறது.

இல்லப் பயிற்சிகள்:

1. வண்ணத்துப்பூச்சியைப் பிடிக்காமலும் தொடாமலும் சிறிது நேரம் பார்த்து, கண்டதை மட்டும் வரைக.

2. வீட்டில் எலுமிச்சையோ கறிவேப்பிலையோ வளர்ப்பீராயின், அதன் இலையைப் புழு தின்னக் கண்டால் மருந்து தெளியாது விடுக. அது கூட்டுப்புழுவாகும் நாளைப் பிள்ளைகள் குறித்து வைக்கட்டும்.

3. ஒரு ஜீவன், பல பரியாயங்கள் என்பதற்கு வேறோர் எடுத்துக்காட்டு தருக.

மூன்றாம் வினாவுக்குப் பிள்ளைகள் விடை தேடுமுன், பெற்றோர் தம் வாழ்விலேயே ஒன்றைத் தேடிப் பார்க்கலாம். எந்த வயதிலும் அடுத்த பரியாயம் உண்டு.