வீட்டுத் தோட்டமும் பூச்சிக் காவலும்

 

சென்ற ஆண்டு நமது பள்ளித் தோட்டத்தில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியிலிருந்து இப்பாடத்தைத் தொடங்குகின்றோம். நான்காம் ஆண்டு மாணவர்கள் வளர்த்து வந்த பயற்றங்கொடியில், பூ விடும் பருவத்தில், கரிய நிறமுடைய சிறு பூச்சிகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டன. கொழுந்துகள் சுருண்டன. அதனைக் கண்ட நாம், "மருந்து அடித்தால்தான் சரிப்படும்" என்று மாணவர் காதில் விழும்படி கூறிவிட்டோம்.

மறுநாள் காலையில் ஒரு மாணவன் தன் புத்தகப் பையிலிருந்து ஆரஞ்சுப் பானப் போத்தல் ஒன்றை எடுத்து நம் மேசைமீது வைத்தான். "ஐயா, மருந்து கொண்டு வந்திருக்கிறேன். அப்பா செம்பனைக் காட்டில் அடிக்கிற மருந்துதான்" என்று பெருமையுடன் கூறினான். அந்தப் போத்தல், அவனுடைய உணவு டப்பாவுக்கும் தண்ணீர்ப் போத்தலுக்கும் நடுவே இருந்து வந்தது. வழியில் தாகம் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணியபொழுது நம் உள்ளம் நடுங்கியது. மேலும், அது பூச்சிக்கான நஞ்சே அன்று, களைக்கொல்லி. அதனைக் கொடியின்மீது தெளித்திருந்தால் பூச்சிக்கு முன்னே கொடிதான் கருகியிருக்கும்.

சிறுவன்மீது குற்றமில்லை. ஆசிரியர் 'மருந்து' என்றார். வீட்டிலும் அதனை 'மருந்து' என்றே அழைக்கின்றனர். ஆகவே கொண்டு வந்தான். குற்றம் நம் சொல்லில் இருந்தது. அச்சொல்லைத் திருத்திக்கொள்ளும் பொருட்டே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

மருந்தா, நஞ்சா?

மருந்து என்பது நோயைத் தீர்த்து உயிரைக் காப்பது. பூச்சியையும் களையையும் கொல்வதற்காகச் செய்யப்பட்ட பொருள் நஞ்சு ஆகும். தோட்டப்புறத்தில் வாழும் நாம் தலைமுறை தலைமுறையாக 'மருந்து அடித்தல்' என்று கூறிப் பழகிவிட்டோம். கேட்கும் குழந்தைக்கு அச்சொல்லில் அச்சம் தோன்றுவதில்லை.

நம் தோட்டங்களில் நெடுங்காலம் தெளிக்கப்பட்ட பாராகுவாட் என்னும் களைக்கொல்லியை எடுத்துக்கொள்வோம். ஒரு வாய் விழுங்கினாலும் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் அழித்து உயிரைப் பறிக்கக்கூடியது அது. அதற்கு மாற்று மருந்து கிடையாது. மலேசியாவில் 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து அது தடை செய்யப்பட்டது. ஆயினும் வேறு பல நஞ்சுகள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன என்பதை மறத்தல் கூடாது.

2013ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள், இந்தியாவின் பீகார் மாநிலத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் மாண்டனர். உணவு சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி கலந்திருந்தது ஆய்வில் தெரியவந்தது. நஞ்சும் உணவும் அருகருகே இருக்குமானால் என்ன நேரும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டியதில்லை.

வீட்டுத் தோட்டத்தின் பயன்

இவ்வாறு கூறுவதால் தோட்டமே வேண்டாம் என்று எவரும் கருதிவிடல் ஆகாது. இந்நாட்டில் நெருக்கடி வந்தபோதெல்லாம் வீட்டுக் கொல்லையே மக்களுக்குக் கைகொடுத்திருக்கின்றது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கை உண்டு உயிர் பிழைத்தவர்களின் வழிவந்தோர் நம்மில் பலர். 1974ஆம் ஆண்டில், துன் அப்துல் ரசாக் பிரதமராக இருந்தபோது, பச்சைப் புத்தகத் திட்டம் தொடங்கப்பட்டு, வெறும் நிலங்களில் காய்கறி பயிரிட மக்கள் ஊக்குவிக்கப்பட்டனர். 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, கொல்லையில் நாலு வெண்டைச் செடியும் ஒரு முருங்கையும் வைத்திருந்த குடும்பம் எத்துணை நிம்மதி அடைந்தது என்பதைப் பெற்றோர் அறிவர்.

நிலமும் பாத்தியும்

வலிமையுள்ள செடியைப் பூச்சி எளிதில் வெல்லாது. ஆகவே, பூச்சிக் காவல் மண்ணிலிருந்தே தொடங்குகின்றது. மிகுதியான மழையால் சத்துகள் அடித்துச் செல்லப்படுவதால் நம் நாட்டு மண் பெரும்பாலும் புளிப்புத் தன்மை உடையது. விதைப்பதற்கு இரண்டு வாரங்களுக்கு முன், சதுர மீட்டருக்கு இரண்டு கைப்பிடி அளவு விவசாயச் சுண்ணாம்பைத் தூவி மண்ணைக் கொத்திவிடுதல் நன்று. பாத்தி ஒரு மீட்டர் அகலமும் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் உயரமும் இருப்பின், பெருமழையிலும் நீர் தேங்காது. இருபுறமும் நின்று கை எட்டிக் களை பறிக்கவும் இயலும். மட்கிய எருவைத் தாராளமாக இடுக. காய்ந்த புல்லை மண்ணின்மேல் பரப்புக.

செடிகளை நெருக்கி நடுதல் கூடாது. பயற்றங்கொடிக்கு 30 சென்டிமீட்டர், வெண்டைக்கு 45, கத்தரிக்கு 60 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். காற்று புகாத இடத்தில் நோய் புகும். கத்தரி, மிளகாய், தக்காளி மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்றை எடுத்த பாத்தியில் உடனே மற்றொன்றை நடாமல், பயறு அல்லது கீரையை இடையே பயிரிடுக. பச்சையாக நின்ற கத்தரிச் செடி திடீரென்று வாடிச் சாய்வது மண்ணில் வாழும் நுண்ணுயிரால் வரும் வாடல் நோயாகும். அச்செடியை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துவதே வழி. சுண்டைக்காய்ச் செடியின் அடித்தண்டில் கத்தரியை ஒட்டுக்கட்டி வளர்ப்போர் இந்நோயிலிருந்து பெருமளவு தப்புகின்றனர்.

நண்பர் யார், பகைவர் யார்?

பூச்சியெல்லாம் பகை என்று எண்ணுவது தவறு. தோட்டத் தொழிலாளர்களாகிய பெற்றோர்களுக்கு இதனை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. செம்பனையே சான்று பகரும். முன்னாளில் செம்பனையின் பெண்பூக்களில் மகரந்தத் தூளைத் தொழிலாளர்கள் கையால் தூவி வந்தனர். 1981ஆம் ஆண்டில், ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட சிறு வண்டு ஒன்று நம் நாட்டுச் செம்பனைத் தோட்டங்களில் விடப்பட்டது. அன்று முதல் அவ்வேலையை அவ்வண்டே செய்து வருகின்றது.

மற்றொரு சான்றும் உண்டு. ஓலைத் துணுக்குகளால் பை போன்ற கூட்டைப் பின்னிக்கொண்டு மட்டைகளில் தொங்கும் பைப்புழுவைப் பலரும் கண்டிருப்பீர்கள். 1960களில், எல்லாப் பூச்சிகளையும் ஒருங்கே கொல்லும் நஞ்சுகளைத் தெளித்த தோட்டங்களில் அப்புழு குறையவில்லை, மாறாகப் பெருகியது. புழுவை உண்டு அடக்கி வைத்திருந்த குளவிகளும் பிற பூச்சிகளும் நஞ்சினால் மடிந்ததே அதற்குக் காரணம் என்று ஆய்வாளர் கண்டறிந்தனர். இன்று பல தோட்டங்களில் சாலையோரம் காலையில் மலர்ந்து நண்பகலில் வாடும் பூச்செடிகள் வரிசையாக நடப்பட்டுள்ளன. அவை அழகுக்காக மட்டும் நடப்பட்டவை அல்ல. பைப்புழுவின் பகைவர்களான குளவிகளுக்குத் தேன் கொடுப்பதற்காகவே நடப்பட்டவை. எலிகளைப் பிடிக்கும் ஆந்தைகளுக்குக் கம்பத்தின்மேல் கூடு அமைத்திருப்பதும் இக்கருத்தினாலேயே ஆகும்.

ஆயிரக்கணக்கான ஏக்கரில் பயன்படும் இவ்வறிவு நம் வீட்டுப் பாத்திக்கும் பொருந்தும் அன்றோ? பயற்றங்கொடியை மொய்த்த அக்கரும்பூச்சியின் பெயர் அசுவினி. அதனைத் தின்று தீர்ப்பது பொறிவண்டு. பொறிவண்டின் புழு கரிய உடலும் செம்மஞ்சள் புள்ளிகளும் உடையது; பார்ப்பதற்கு அச்சம் தரும். அதனைத் தீய புழு என்று எண்ணி நசுக்குவோர் பலர். அது நம் காவலாளி என்பதை மாணவர்கள் மனத்தில் இருத்துதல் வேண்டும். சிலந்தி, தட்டாரப்பூச்சி, தவளை, பல்லி ஆகியனவும் நம் பக்கமே நிற்பவை.

நஞ்சின்றிக் காக்கும் முறைகள்

அசுவினி: கொடியை வளைத்துப் பிடித்து, இலையின் அடிப்புறத்தில் நீரை வேகமாகப் பாய்ச்சினால் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். எஞ்சியவற்றிற்கு, ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி திரவச் சோப்பைக் கலந்து மாலையில் தெளிக்கலாம். முதலில் ஓர் இலையில் தெளித்து, மறுநாள் அவ்விலை கருகவில்லை என்று கண்ட பின்னரே மற்ற இலைகளுக்குத் தெளிக்க வேண்டும். அசுவினி சுரக்கும் இனிய நீருக்காக எறும்புகள் அதனைக் காத்து நிற்கும். ஆகவே எறும்பு ஏறும் வழியையும் தடுத்தல் வேண்டும்.

கத்தரிக் காய்ப்புழு: நுனித்தண்டு மட்டும் வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கின்றது என்று அறிக. வாடிய பகுதிக்குச் சற்றுக் கீழே வெட்டி, புழுவுடன் அழித்துவிடுக. துளைபட்ட காயைப் பாத்தியோரத்தில் எறிந்தால் அடுத்த தலைமுறைப் பூச்சியை நாமே வளர்த்தவர்கள் ஆவோம்.

பழ ஈ: பாகல், புடலை, பீர்க்கு ஆகியவற்றின் பிஞ்சில் முட்டையிட்டு அழுகச் செய்வது இது. பூ வாடிப் பிஞ்சு விரல் நீளம் வளர்ந்தவுடன் பழைய செய்தித்தாளைக் குழல்போல் சுருட்டி அதற்கு உறையிடுக. கீழே விழுந்த அழுகற் காய்களை அன்றாடம் பொறுக்கி அகற்றுக.

வெட்டுப்புழு: மாலையில் நட்ட நாற்று காலையில் அடியோடு வெட்டுண்டு கிடந்தால் அது இப்புழுவின் வேலை. இருபுறமும் திறந்த பால் டின்னை நாற்றைச் சுற்றி மண்ணில் பதித்துவிட்டால் புழு நெருங்க முடியாது.

நத்தை: இரவில் விளக்குடன் சென்று பொறுக்கி, உப்பு நீர் வாளியில் இடுக. நத்தையில் மனிதருக்கு நோய் தரும் ஒட்டுண்ணி இருக்கக்கூடும். எனவே வெறுங்கையால் தொடுதல் கூடாது. கீரையை நன்கு கழுவிச் சமைத்து உண்ண வேண்டும்.

இலை தின்னும் புழுக்கள்: நாள்தோறும் கையால் பொறுக்குவதே முதல் வழி. மேலும் வேண்டுமாயின், 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் நீரில் ஓர் இரவு ஊறவைத்து, வடிகட்டி, சிறிது சோப்பு சேர்த்து மாலையில் தெளிக்கலாம். அது பூச்சியை உடனே கொல்லாது. இலையைத் தின்ன விடாமல் தடுக்கும். இக்கரைசலையும் குழந்தைகள் எடுத்துக் குடித்துவிடாதபடி வைத்தல் வேண்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்

தோட்டத்து நஞ்சை, எஞ்சியது சிறிதே ஆயினும், வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். எந்த நஞ்சையும் பானப் போத்தலிலோ எண்ணெய்ப் போத்தலிலோ ஊற்றி வைக்காதீர்கள்; அதன் சொந்தக் கலனில், பெயர்ச்சீட்டுடன், பூட்டிய இடத்தில் இருத்தல் வேண்டும். காலியான கலனில் தண்ணீர் பிடித்து வைக்காதீர்கள். தெளிப்பு வேலை முடித்து வந்தவுடன், குழந்தையைத் தூக்குவதற்கு முன் குளித்து உடை மாற்றுங்கள். அவ்வுடையைத் தனியே துவையுங்கள். கடையில் நஞ்சு வாங்க நேர்ந்தால், எப்பயிருக்கு உரியது, தெளித்த எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்பவற்றைச் சீட்டில் படித்துப் பாருங்கள். படிக்க இயலாவிடில் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். எவரேனும் நஞ்சை விழுங்கிவிட்டால், வாந்தி எடுக்க வைத்து நேரத்தை வீணாக்காமல், அக்கலனையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரைக. அவசர அழைப்பு எண் 999 ஆகும்.

முடிவுரை

அன்று மாலையே அம்மாணவனின் தந்தையை அழைத்து நடந்ததைக் கூறினோம். அவர் வெகுநேரம் பேசவில்லை. பின்னர், "வீட்டிலும் இன்னொரு போத்தல் இருக்கிறது ஐயா, அலமாரிக்கு அடியில்" என்றார். இரண்டு போத்தல்களையும் அவரே தோட்ட அலுவலகத்தில் ஒப்படைத்தார்.

பயற்றங்கொடிக்கு நாம் எந்த நஞ்சும் தெளிக்கவில்லை. மாணவர்கள் நாள்தோறும் நீர் பாய்ச்சி அசுவினியைக் கழுவினர். இரண்டாம் வாரத்தில் பொறிவண்டுகள் வந்தன. சில கொடிகள் போயின, மற்றவை காய்த்தன. போத்தல் கொண்டு வந்த அம்மாணவனையே தோட்டக் காவலனாக நியமித்தோம். எந்த இலையில் எந்தப் பூச்சியைக் கண்டான் என்பதை ஒரு குறிப்பேட்டில் அவன் எழுதி வந்தான். நாம் அறியாத இரண்டு பூச்சிகளையும் அவன் வரைந்து காட்டினான்.

வள்ளுவப் பெருந்தகை உழவு என்னும் அதிகாரத்தில், பயிருக்கு நீர் பாய்ச்சுவதினும் அதனைக் காப்பது நன்று என்று கூறியுள்ளார். காத்தல் என்றால் கொல்லுதல் அன்று. கண் விழித்துப் பார்த்தல் ஆகும். மாணவர்களே! விடுமுறையில் ஒரு பாத்தி அமையுங்கள். காலையும் மாலையும் இலையைத் திருப்பிப் பாருங்கள். கண்டதை எழுதுங்கள். பெற்றோர்களே! இனி நம் வீடுகளில் நஞ்சை நஞ்சு என்றே அழைப்போம். நாமும் நம் வகுப்பறையில் அவ்வாறே அழைப்போம் என்று உறுதி கூறுகின்றோம்.

வாழ்க நம் பிள்ளைகள்! வளர்க நம் வீட்டுத் தோட்டங்கள்!