குப்பிக்குள் ஒரு பிரேக்!



மெக்கானிக்கல் மாணவனுக்குப் புரதத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். எங்கள் அத்தைக்குப் புற்றுநோய். யாரோ கொடுத்த காகிதம் ஒன்றை மாமா என்னிடம் நீட்டினார். "மாப்ளே, நம்ம வீட்லயே நீ ஒருத்தன்தான் படிக்கிறே. இந்த மருந்து வாங்கலாமானு பாத்துச் சொல்லு" என்றார். அதில் இருந்தது 'ரீகாம்பினன்ட் பி.டி-1 புரதம்'. மூன்று நாள் நூலகத்தில் உட்கார்ந்து படித்ததை இங்கே தருகிறேன்.

பி.டி-1 என்றால் என்ன?

நம் உடம்பில் உள்ள டி-செல்கள் நோயுற்ற செல்களைத் தேடி அழிப்பவை. கட்டுப்பாடு இல்லாவிட்டால் அவை சொந்த உடம்பையே தாக்கும். அதற்காக இயற்கை வைத்த பிரேக்குகளில் ஒன்றுதான் டி-செல்லின் மேல் இருக்கும் பி.டி-1. இதன் மரபணுவை 1992-ல் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தசுகு ஹோன்ஜோவின் ஆய்வுக்குழு கண்டுபிடித்தது. சில புற்றுநோய்ச் செல்கள் பி.டி-எல்1 என்ற புரதத்தைக் காட்டி இந்த பிரேக்கை அழுத்திவிடுகின்றன. டி-செல் தாக்காமல் அடங்கிப்போகிறது.

ஆய்வுக்கூடத்தில் செய்வது எப்படி?

மனித பி.டி-1 மரபணு 288 அமினோ அமிலங்களுக்கானது. செல் சவ்வில் புதைந்திருக்கும் பகுதி தண்ணீரில் எளிதில் கரையாது. எனவே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிக்கான மரபணுத் துண்டை மட்டும் எடுத்து வளர்ப்பு செல்லுக்குள் செலுத்துகிறார்கள். பல சமயம் அது எச்.இ.கே. 293 என்ற மனித செல். பாக்டீரியா போதாதா? பி.டி-1 மேல் சர்க்கரைச் சங்கிலிகள் உண்டு. சாதாரண ஈ.கோலைக்கு அவற்றை ஒட்டத் தெரியாது.

புரதத்தின் நுனியில் ஆறு ஹிஸ்டிடின் கொண்ட வால் ஒன்றையும் சேர்ப்பது வழக்கம். நிக்கல் ஏற்றிய மணிகள் நிரப்பிய குழாயில் ஊற்றினால், மணிகள் அந்த வாலைப் பிடித்துக்கொள்ளும். மற்றவை பெரும்பாலும் கழுவிப் போகும். பிறகு இமிடசோல் கரைசலை ஊற்றினால் புரதம் கழன்று வரும்.

அப்படியானால் இது மருந்தா?

இல்லவே இல்லை! வண்டியிலிருந்து கழற்றிய பிரேக்கை பெஞ்சில் வைத்துச் சோதிக்கிறோமே, அதுபோலத்தான். புதிய ஆன்டிபாடி ஒன்று பி.டி-1-ஐப் பிடிக்கிறதா, பி.டி-எல்1 வந்து ஒட்டாமல் தடுக்கிறதா என்று பார்க்க இது உதவும். நோயாளிக்குக் கொடுப்பது அப்படித் தேறிய ஆன்டிபாடியை. 2014-ல் ஜப்பானில் அனுமதி பெற்ற நிவோலுமாப் அத்தகையது. 2018-ல் ஹோன்ஜோவும், சி.டி.எல்.ஏ-4 என்ற இன்னொரு பிரேக்கை ஆராய்ந்த ஜேம்ஸ் ஆலிசனும் நோபல் பரிசு பெற்றார்கள். ஆனால் இம்மருந்துகளும் எல்லாருக்கும் கேட்பதில்லை. பிரேக் விலகிய டி-செல்கள் குடலையும் நுரையீரலையும் தாக்குவதும் உண்டு. மருத்துவர் கண்காணிப்பு கட்டாயம் வேண்டும்.

மாமாவின் காகிதத்தில் அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்தது: 'ஆய்வுக்கு மட்டும், மனிதருக்குப் பயன்படுத்தக் கூடாது.' "மாமா, இது மருந்தில்ல. மருந்தைச் சோதிக்கிற சாமான்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "சரி மாப்ளே, டாக்டர்கிட்டயே கேப்போம், நீயும் வா" என்றார். போனேன்.

நண்பர்களே, வீட்டுக்கு முதல் ஆளாகப் படிக்க வந்திருக்கிறோம். பொடி எழுத்தையும் நாம்தான் படித்துச் சொல்ல வேண்டும்.