கடைக் கணக்கைப் பூட்டும் கம்ப்யூட்டர் நச்சு நிரல்கள்

2021-ஆம் ஆண்டு ஜூலை 3-ஆம் தேதி, சனிக்கிழமை. சுவீடன் நாட்டில் கூப் என்னும் கூட்டுறவு மளிகை நிறுவனத்தின் சுமார் 800 கடைகளில் பெரும்பாலானவை அன்று மூடிக் கிடந்தன. சரக்கு இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், வாடிக்கையாளரும் வாசல் வரை வந்தார்கள். பில் போடும் இயந்திரம் மட்டும் வேலை செய்யவில்லை.

இதில் வணிகர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. திருடர்கள் கூப் நிறுவனத்தைக் குறிவைத்து வரவில்லை. அதன் பில் இயந்திரங்களைப் பராமரித்தவர்கள், தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரைச் சரிபார்க்க அமெரிக்காவின் கசேயா நிறுவனத்து மென்பொருளை வைத்திருந்தார்கள். அதிலிருந்த ஓட்டை வழியாகத் திருடர்கள் நுழைந்தார்கள். இதே வழியில் பாதிக்கப்பட்டவை 800 முதல் 1,500 வரை இருக்கும் என்று கசேயா நிறுவனமே மதிப்பிட்டது. அவற்றுள் பெரும்பாலானவை சிறு, நடுத்தர நிறுவனங்கள். "நம் சின்னக் கடையை யார் சீண்டப் போகிறார்கள்?" என்று கேட்கும் நண்பர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

பொதுவாக எல்லாவற்றையும் வைரஸ் என்றே சொல்லிவிடுகிறோம். உண்மையில் வைரஸ் என்பது ஒரு கோப்பில் ஒட்டிக்கொண்டு, அதை நாம் திறக்கும்போது பரவுவது. ஒரு கடையின் பென் டிரைவ் இன்னொரு கடைக்குப் போகும்போது கூடவே போவது இதுதான். வார்ம் எனப்படும் புழுவுக்கு அதுவும் வேண்டியதில்லை. கம்ப்யூட்டர்களை இணைக்கும் வலைப்பின்னல் வழியே தானே ஊர்ந்து போகும். 2017 மே 12 அன்று கிளம்பிய வான்னாக்ரை இப்படித்தான் சுமார் 150 நாடுகளுக்குப் பரவியது. அது நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது. போட்டுக்கொள்ளாதவர்கள்தான் மாட்டினார்கள்.

ட்ரோஜன் என்பது பசுத்தோல் போர்த்திய புலி. நம் நாட்டில் இது இப்போது அதிகமாக வருவது செல்போனில்தான். திருமண அழைப்பிதழ் என்றும், வண்டிக்கு அபராதச் சீட்டு என்றும் வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே கோப்பு வரும். அழைப்பிதழ் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரலாம். ஏபிகே என்பது செயலி. அதை நிறுவிவிட்டால் நமக்கு வரும் ஓடிபி எண்களை அது படித்துத் திருடனுக்கு அனுப்பிவிடும். கடைக்குப் பணம் வரும் கியூஆர் கோடும் வங்கிக் கணக்கும் அதே போனில் இருந்தால் நஷ்டம் பெரிது. கடைப் போனைப் பையன்கள் விளையாடக் கொடுப்பதை இனியாவது நிறுத்தலாம்.

நமக்கு எல்லாவற்றிலும் கொடியது ரான்சம்வேர். கோப்புகளைச் சங்கேதமாக மாற்றிப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும். பற்று வரவு, சரக்கு இருப்பு, ஜிஎஸ்டி பில்கள் எல்லாம் ஒரே இரவில் போய்விடும். சரக்கு போனால் வாங்கிக்கொள்ளலாம். கடனுக்கு வாங்கிப் போனவரிடம் எதைக் காட்டிப் பாக்கி கேட்பது? ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைக் காத்து வைத்திருக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

பணம் கொடுத்தால் திரும்பிவிடும் என்றும் நம்ப முடியாது. 2017 ஜூன் 27 அன்று உக்ரைனில் ஒரு நச்சு நிரல் பரவியது; நாட்பெட்யா என்று பெயர். அது வந்த வழி, அந்நாட்டு வணிகர்கள் வரிக் கணக்குக்குப் பயன்படுத்திய எம்.இ.டாக் என்னும் மென்பொருளின் அப்டேட். கேட்டது 300 டாலர். ஆனால் கொடுத்தாலும் மீட்க வழியில்லாதபடிதான் அது எழுதப்பட்டிருந்தது. மெர்ஸ்க் கப்பல் நிறுவனமும் மாட்டிக்கொண்டது. மும்பை அருகே நவசேவா துறைமுகத்தில் அதன் குழுமம் நடத்தும் சரக்குப் பெட்டி முனையமும் முடங்கியது. 20 முதல் 30 கோடி டாலர் வரை நஷ்டம் என்று அந்நிறுவனம் கணக்கிட்டது. எந்த ஊழியர் எதைத் திறக்கலாம் என்று காக்கும் அதன் பதிவேடுகள் உலகெங்கும் அழிந்தபோது, ஆப்பிரிக்காவின் கானாவில் ஒன்று மட்டும் தப்பியது. காரணம், அங்கே அப்போது மின்சாரம் தடைப்பட்டு, அந்தக் கம்ப்யூட்டர் தொடர்பு அறுந்து கிடந்தது!

நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய நுனி இதுதான். கணக்கின் நகல் ஒன்று, கம்ப்யூட்டரோடு தொடர்பில்லாமல் இருக்க வேண்டும். எப்போதும் செருகியே கிடக்கும் ஹார்ட் டிஸ்க் நகலாகாது; பூட்டுபவன் அதையும் சேர்த்துத்தான் பூட்டுவான். இரண்டு டிஸ்க் வாங்கி, கடை சாத்துமுன் ஒருநாள் ஒன்றில், மறுநாள் மற்றதில் நகலெடுத்து, கழற்றி வீட்டுக்குக் கொண்டு போகலாம். மாதம் ஒருமுறை அதை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துக்கொள்வதும் அவசியம். கணக்கு மென்பொருளின் கள்ளப் பிரதியை வைத்துக்கொண்டு பாதுகாப்பைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. அதைத் திறக்கப் போடும் 'கிராக்' கோப்பிலேயே உளவு நிரல் ஒளிந்து வருவதுண்டு. சர்வீஸ் ஆள் எனிடெஸ்க் போன்றவற்றின் வழியாக உள்ளே வந்து வேலை முடித்த பின், அந்த வழியை அடைத்தாரா என்று கேட்டுப் பார்ப்பதும் நம் பொறுப்பே.

பூட்டப்பட்டது தெரிந்தால் உடனே இணைய வயரைப் பிடுங்கி, வைஃபையை அணைத்துவிட வேண்டும். திரையில் வரும் மிரட்டலைப் போட்டோ எடுத்துக்கொள்ளலாம். வங்கிப் பணம் போயிருந்தால் நேரம் கடத்தாமல் 1930 என்ற எண்ணுக்குப் புகார் சொல்ல வேண்டும். ஐரோப்பியப் போலீஸ் அமைப்பான யூரோபோலும் மற்றவர்களும் சேர்ந்து 2016-இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில், சில வகைப் பூட்டுகளுக்கு இலவசச் சாவி கிடைக்கிறது. இன்று சாவி இல்லையென்றாலும் பூட்டிய கோப்புகளை அழிக்காமல் தனி டிஸ்கில் வைத்திருப்பது நல்லது. கசேயா விவகாரத்திலும் ஏறக்குறைய மூன்று வாரம் கழித்துத்தான் எல்லாவற்றையும் திறக்கும் சாவி அந்நிறுவனத்தின் கைக்கு வந்தது.