விடியற்காலை அழுகை

அன்பு மகள் கவிதாவுக்கு,

எட்டு மாதப் பிள்ளையை இரவு எட்டரைக்குத் தொட்டிலில் விட்டு, காலை ஏழு வரை தானாகத் தூங்கப் பழக்குவதாக எழுதியிருந்தாய். படுக்கும்போது அழுகை குறைந்துவிட்டது, ஆனால் ஐந்து மணிக்கு முன்பே எழுந்து வீறிடுகிறான், எவ்வளவு நேரம் விட்டாலும் அடங்குவதில்லை என்கிறாய். அழவிடலாமா கூடாதா என்று கேட்கிறாய். எந்த நேரத்து அழுகை என்பதைப் பொறுத்தது அது. இரவில் படுக்கப்போகும் பிள்ளைக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றும். தூளியோ மடியோ இல்லாமல் தூங்கத் தெரியாமல் அழும், கொஞ்ச நேரத்தில் அசந்துவிடும். விடியற்காலையில் அந்தக் களைப்பு இருக்காது. எட்டு மணி நேரத் தூக்கம் முடிந்து, வெளிச்சமும் வந்த பிறகு அழவிடுவதால் அவன் எதையும் கற்கப்போவதில்லை.

நீ இருப்பது போர்ட் பிளேரில். (2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று ஊரின் பெயர் மாறியது, கடிகாரம் மாறவில்லை.) இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. உங்கள் ஊர் 92.7 பாகையில் இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிடம் என்றால், சூரியன் அங்கே கடிகாரத்தைவிடச் சுமார் 40 நிமிடம் முந்துகிறது. மும்பையோடு ஒப்பிட்டால் 80 நிமிடம். மே, ஜூன் மாதங்களில் ஐந்து மணிக்கெல்லாம் உதயம்; டிசம்பரில் மாலை ஐந்துக்கே இருட்டு. குழந்தையின் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் பிறந்து இரண்டு மூன்று மாதங்களில் வெளிச்சத்தைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளத் தொடங்கும். அதற்கு அரசாங்க நேரம் தெரியாது. இரவு எட்டரை முதல் காலை ஏழு என்று வேறு ஊருக்கு எழுதிய அட்டவணையை அங்கே அப்படியே வைத்தால், பிள்ளை சரியான நேரத்தில்தான் எழுகிறான், அட்டவணைதான் தாமதமாக ஓடுகிறது.

அழவிட்டால் மனம் பாதிக்கும் என்று பயப்படுகிறவர்களுக்கும் பதில் இருக்கிறது. மருத்துவர் ரிச்சர்ட் ஃபெர்பர் 1985இல் எழுதிய புத்தகம் பரப்பிய முறையே, சில நிமிடம் காத்திருந்து, போய்ப் பார்த்து, காத்திருக்கும் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவதுதான். கதவைச் சாத்திவிட்டுப் போவதல்ல. ஆஸ்திரேலியாவில் ஏழெட்டு மாதக் குழந்தைகளிடம் இத்தகைய முறைகளைச் சோதித்து, ஆறு வயதில் மறுபடி பார்த்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. நடத்தையிலோ தாயோடு உள்ள உறவிலோ வேறுபாடு தெரியவில்லை. அதே ஆண்டு நியூசிலாந்தில் 25 குழந்தைகளைப் பார்த்த இன்னொரு ஆய்வு, அழுகை நின்ற பிறகும் அவர்களின் கார்ட்டிசால் என்ற மன அழுத்தச் சுரப்பு குறையவில்லை என்றது. சிறிய ஆய்வு, வீட்டில் சாதாரணமாக அது எவ்வளவு இருக்கும் என்ற அளவும் அதில் இல்லை. எனக்கு முக்கியமாகப்படுவது 2016இல் வந்த மூன்றாவது ஆய்வு. அதிலும் ஆஸ்திரேலியக் குழந்தைகள்தான், 43 பேர். படுக்க வைக்கும் நேரத்தைச் சற்றுத் தள்ளிப்போட்டதைத் தவிர வேறொன்றும் செய்யாத குழுவிலும் பிள்ளைகள் சீக்கிரம் தூங்கினார்கள். அழவிடாமல், நேரத்தை மட்டும் சரிசெய்தே பாதி வேலையை முடிக்கலாம் என்பதற்கு அது போதும்.

கறுப்புத் திரை போட்டால் போதாதா என்பாய். போடு, உதவும். ஆனால் அந்தப் புழுக்கத்தில் சன்னலை முழுக்க அடைத்துவிட்டு, மின்சாரமும் போனால் வேறு காரணத்துக்காக அழுவான். அந்த ஆய்வில் நேரத்தைப் பின்னே தள்ளினார்கள்; உங்கள் ஊரில் விடியல் முந்துவதால் நீ படுக்கும் நேரத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கால் மணி முன்னே நகர்த்தி ஏழுக்குள் கொண்டுவா; ஐந்து மணியைக் காலை என்றே ஒப்புக்கொள். நீயும் ஒன்பதுக்குப் படுத்தால்தான் இது நடக்கும், எட்டரை மணி அலுவலகத்துக்கும் அதுவே நல்லது. மாப்பிள்ளை விடியற்காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளட்டும். இரவில் பசிக்கு எழுந்தால் பால் கொடு, அது பழக்கத்தைக் கெடுக்காது. ஒரே அறையில் எல்லாரும் படுக்கும் வீட்டில் போய்ப்போய்ப் பார்க்கும் முறைக்கு இடமில்லை. பக்கத்தில் அமர்ந்து தட்டிக்கொடுத்து, நாளுக்கு நாள் கொஞ்சம் தள்ளி உட்காரு.

காய்ச்சல் இருந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, வழக்கத்துக்கு மாறாகக் கீச்சென்று அழுதாலோ அன்றைக்கு எந்தப் பழக்கமும் வேண்டாம். ஜி. பி. பந்த் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போ.

உன் பெரியம்மா